பழி இன்ஜெக்டர் மேல், தப்பு வேறு இடத்தில்

என்னுடைய பழைய காரில் கார்புரேட்டர் உட்கார வேண்டிய இடத்தில் த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பகுதி), அதன் தலையில் பெட்ரோல் விசிற ஒரே ஒரு இன்ஜெக்டர். நாலு சிலிண்டருக்கும் அதுதான் படியளக்கும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினால் பெட்ரோல் கூம்பாக விசிறியடிப்பது கண்ணுக்கே தெரியும். ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தால் அந்தக் கூம்பு அப்படியே உறைந்து நிற்கும். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த மல்டி பாயின்ட் வண்டிகளில் இந்தக் காட்சி கிடைக்காது!

பிரச்சினை என்னவென்றால், காலையில் வண்டி பிரமாதமாக ஓடும். சூடேறியதும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) தள்ளாடும், கரும்புகை கக்கும். இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்றார் மெக்கானிக். மாற்றினோம். அதே புகை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தைச் சுமார் 1 பாரில் பிடித்து வைக்கிறது. அதனால் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்கிறதோ அதுதான் பெட்ரோல் அளவு. அந்த நேரத்தைச் சொல்வது ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர். அதற்குச் சேதி சொல்வது சென்சார்கள்.

எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலில் ஒரு பங்கு மேனிஃபோல்டு (சிலிண்டருக்குப் போகும் குழாய்) சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட ஈசியூ கூடுதலாக ஊற்றும். சூடான எஞ்சினில், அதன் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கி மல்டிமீட்டர் வைத்தேன். சில நூறு ஓம் காட்ட வேண்டியது 2,800 காட்டியது (குளிர்ந்தால்தான் ஓம் கூடும்). கொதிக்கிற எஞ்சினை ஈசியூ விடிகாலை எஞ்சின் என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. குளிர் கணக்கில் இருக்கும்வரை புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் பெட்ரோல் அதிகம் என்று கத்தினாலும் அது காதில் வாங்காது. 2,800 என்பது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் செக் எஞ்சின் லைட்டும் எரியவில்லை.

சென்சாரை மாற்றியதும் புகை நின்றது. கழற்றிய இன்ஜெக்டர் இன்னும் டூல் பெட்டியில் கிடக்கிறது, ஒரு குறையும் இல்லாமல்.

*

இதற்கு வந்த ஒரு பதில்: எனக்கும் இதே மாதிரி ஒரு அலைச்சல், அண்ணே. ஐடில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஐடிலில் காற்று விடும் வால்வை இரண்டு தடவை கழுவினேன். வால்வு முழுசாக மூடியிருந்தும் காற்று எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. த்ராட்டில் பாடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் ஓரமாகக் கார்ப் கிளீனரை லேசாக அடித்தேன் (எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும்). எஞ்சின் அதை உள்ளே இழுத்ததும் சத்தம் சட்டென்று மாறியது. கேஸ்கெட்டைப் பிரித்தால் ஒரு மூலை பிய்ந்து உள்ளே மடங்கியிருந்தது.