கெதியா வாங்கோ: ‘கதி’ என்ற சொல்லோடு உங்கள் அனுபவம் என்ன?

சென்னைக்காரன்
வேலையிடத்தில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். மீட்டிங்குக்கு நேரமானால் “கெதியா வாங்கோ தம்பி” என்பார். எனக்குத் தெரிந்த கதியெல்லாம் கதிகலங்குவது, அதோகதி, ‘என் கதி என்ன ஆகுமோ’ வகைதான். சீக்கிரம் என்பதற்கு அந்தச் சொல் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அகராதியைப் புரட்டினால், ‘கம்’ (போதல்) என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது, முதல் பொருள் ‘செல்லுதல்’ என்று இருக்கிறது. அப்போ இலங்கைத் தமிழ்தான் மூலப்பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது போல. நீங்கள் இந்தச் சொல்லை எங்கே சந்தித்தீர்கள்?

வடமராட்சி
எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். எங்கள் பௌதிகவியல் புத்தகத்தில் தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி. திசையும் சேர்ந்தால்தான் வேகம். தமிழ்நாட்டுப் பாடத்தில் திசை இல்லாதது வேகம், திசையோடு சேர்ந்தது திசைவேகம். மகள் பரீட்சைக்குத் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படித்தபோது வீட்டில் ஒரே சண்டை. ‘வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர்’ என்று அதில் சொன்னதும் அவள் “எந்தத் திசையில?” என்று திரையைப் பார்த்துக் கேட்கிறாள்! அப்புறம் பார்த்தால் நாங்கள் ஆர்முடுகல் என்பதை அங்கே முடுக்கம் என்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ‘முடுகு’ (விரைதல்) என்ற பழைய சொல்தான் என்பதால் அதில் சண்டை வரவில்லை.

அப்படியே ஸ்டேஷனுக்கு வந்தால் உங்களுக்கு விரைவு ரயில், எங்களுக்குக் கடுகதி. கடு என்றால் மிகுதி. கடும் மழை, கடுங்குளிர் மாதிரி. சொல்லும்போதே வண்டி ஓடுகிறது, எனக்கு இதுதான் பிடிக்கும்.

தாளக்காரி
மிருதங்க வகுப்பில் வாத்தியார் “கதி மாத்து” என்றால் புதுசாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அவர் கேட்பது அதுவல்ல. தாளம் போகிற வேகம் அப்படியே இருக்கும். ஒரு அட்சரத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்குள், எத்தனை மாத்திரை (சம பகுதி) விழுகிறது என்பதுதான் மாறும். திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. வேகத்துக்கு விளம்பம், மத்திமம், துரிதம் என்று தனிப்பெயர்கள் இருக்கின்றன. கதியையே நடை என்றும் சொல்வோம். குதிரையின் நடைகளுக்கும் கதி என்றுதான் பெயர். ஆக சங்கீதத்தில் கதி என்றால் எவ்வளவு சீக்கிரம் என்பதல்ல, எப்படிப் போகிறது என்பது.

பழைய ஏடு
தலைவிதி என்ற பொருள் வந்த வழியை எனக்குக் காட்டியது சமண நூல்கள். உயிர் போய்ப் பிறக்கும் இடங்களை நாற்கதி என்பார்கள்: தேவர், மக்கள், விலங்கு, நரகர். போதல் என்பது போய்ச் சேரும் இடமாகி, அப்புறம் நிலைமையாகிவிட்டது. அதோகதி என்றால் கீழ்நோக்கிப் போவது, அவ்வளவுதான்.

சென்னைக்காரன்
அருமை. சரணாகதியும் இதே கதிதானா?

பழைய ஏடு
கிட்டத்தட்ட. அது சரணம் + ஆகதி. ஆகதி என்றால் வருதல். அடைக்கலமாக வந்து சேர்வது.

வடமராட்சி
தம்பி, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ‘கெதியா’ பேச்சில்தான். கடிதத்தில் நாங்களும் ‘விரைவில்’ என்றுதான் எழுதுவோம்.