புதுசு வாங்க முடியும், ஆனாலும் பழசே போதும் என்று இருப்பவர்களின் அனுபவங்கள்

காவிரிக்கரை
போன வாரம் கேட்ட ஒரு பேச்சு இன்னும் மனசை அறுக்கிறது. என் நீலச் சட்டையில் காலர் மடிப்பு மட்டும் நைந்து உள்ளே கேன்வாஸ் தெரிந்தது. மற்றபடி துணி நன்றாக இருக்கிறது. பெரிய தையல் கடைகளில் "காலர் திருப்புறதெல்லாம் இப்ப இல்லை சார்" என்று அனுப்பிவிட்டார்கள். உறையூரில் மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கும் பெரியவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். காலரும் பட்டியும் சேரும் இடத்தில் பிளேடால் தையலைப் பிரித்து, காலரைப் புரட்டிக் காட்டினார். வெயில் படாத அந்தப் பக்கத்தில், கடையில் வாங்கிய அன்று இருந்த அதே நீலம்! "இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும் தம்பி" என்றார்.

ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழும்படியே, "புதுச் சட்டைக்கு வக்கில்லை போல" என்றார். பெரியவர் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலையும் சேர்த்துச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நெல்லைச்சீமை
என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு மறக்காதது ஈயம் பூசுகிறவர். மாமியாரின் பித்தளை உருளியையும் ஒரு தவலையையும் தெருவில் இறக்கி வைத்தேன். துருத்தி ஊதிக் கரியைக் கனல வைத்து, உருளியைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை. வெள்ளீயக் கட்டியைத் தொட்டுப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்ததும் உள்பக்கம் முழுக்க நிலா வெள்ளை! தெருப் பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்து நின்றார்கள்.

தவலையைத் தட்டிப் பார்த்தவர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். "அடியில விரிசல் இருக்கும்மா. பூசினா காசு எனக்கு, கஷ்டம் உங்களுக்கு." நான் கூலி தரத் தயாராகத்தான் இருந்தேன். அந்த வார்த்தையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணாநகர்வாசி
காவிரிக்கரை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு கடை ஏறி இறங்கிய நேரத்தையும் கூலியையும் சேர்த்தால் இதில் என்ன மிச்சம்? எங்கள் வீட்டுப் பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில், அறுந்த ஒயர், செத்த சார்ஜர் என்று "என்றைக்காவது ஆகும்" சாமான்கள் நிறைந்து கிடந்தன. பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிட்டால், பாதியைத் தொடக்கூட மாட்டேன் என்றார். சேர்த்து வைப்பது வேறு, சிக்கனம் வேறு.

சேலம் தறி
பரணில் போட்டு வைப்பதைப் பற்றி இங்கே யார் பேசினார்கள், அண்ணாநகர்வாசி? சட்டையை அவர் உடுத்துகிறார். திருப்பித் தைத்தவருக்கு அன்றைய கூலியும் கிடைத்தது. அதெல்லாம் கணக்கில் வராதா?

என் கதைக்கு வருகிறேன். "பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று வந்தவர் பாட்டியின் கூறைப்புடவையைப் பார்த்து, "போலி ஜரிகைம்மா, எடைக்குத் தேறாது" என்றார். நான் தறிக்காரர் வீட்டுப் பெண். முந்தானையிலிருந்து ஒரு இழையை உருவி அவர் எதிரிலேயே நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. நிஜ ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். அவர் சட்டென்று விலையை ஏற்றினார். நான் கொடுக்கவில்லை. உடல் பகுதி மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்ததால், கரையை மட்டும் வெட்டி மகளின் பாவாடையில் வைத்துத் தைத்தேன்.

பழுதுபார்ப்போம்
எதிர்வீட்டில் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒரு மின்விசிறியை எடைக்குப் போடக் கிளம்பினார்கள். படியிலேயே மறித்து வாங்கினேன். கண்டென்சர், அதாவது மோட்டார் சுற்ற உதவும் சின்ன மின்பாகம், அதை மாற்றியதும் காலண்டர் தாள் எல்லாம் படபடத்தது. அந்த வீட்டுத் தாத்தா கை தட்டினார்.

எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். விசிறி மெதுவாக ஓடினாலோ, கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றினாலோ, பெரும்பாலும் கண்டென்சர்தான் போயிருக்கும். மோட்டார் நன்றாகவே இருக்கும். வீட்டு விசிறிகளில் சாதாரணமாக 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே வாங்குங்கள், வேகம் கூடும் என்று பெரிய அளவு போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) சூடாகும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையும் அணையுங்கள். அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதனால் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கருகல் வாடை வந்தால் காயில் எரிந்திருக்கும், அதையும் புதிதாகக் கட்டித் தருவார்கள். அப்புறம், குக்கரில் பக்கவாட்டில் ஆவி கசிந்தால் கேஸ்கட்டை மாற்றிப் பாருங்கள். மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகினால் புஷ், வாஷர் மாற்றினால் சரியாகிவிடும். இதற்கெல்லாம் புதுச் சாமான் வாங்காதீர்கள், தயவுசெய்து.

கொங்குநாடு
சேலம் தறி சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

அரசாங்கம் 2021இல் "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்குவதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் தாம்பூலப் பைதான். சின்ன அத்தையின் 1994 கல்யாணப் பை ஒன்று, கைப்பிடிக்கு இரண்டு முறை ஒட்டுப் போட்டது, இன்னும் காய்கறி சுமக்கிறது. உழவர் சந்தையில் தக்காளி போட்ட பாட்டி, பையில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நல்லா இருக்காங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். மாமா காலமாகி வெகுநாள் ஆகிறது. நல்லா இருக்காங்க பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தையிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது.

நெல்லைச்சீமை அக்கா, கோவைப் பக்கம் ஈயம் பூசுபவர் யாரையாவது தெரியுமா? அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள் உள்பூச்சு போய்க் கிடக்கின்றன. புளிக்குழம்பு வைக்கப் பயமாக இருக்கிறது.