ஓஓ பறவையின் அட்டையை எந்த உறையில் போடுவது?

அட்டைப்பெட்டி கேட்டது:

வணக்கம். என்னிடம் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே பறவைக்கு ஓர் அட்டை, குடும்பத்துக்கு ஒரு பழுப்புக் காகித உறை. 1991-ல் கல்லூரி நூலகத்தில் ஒரு தடிமனான கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தது. பாதிக்கு மேல் நான் ஜென்மத்தில் நேரில் பார்க்கப் போகாத பறவைகள். வீட்டில் இதற்கு நல்ல பெயர் கிடையாது, அதை விடுங்கள்.

போன ஞாயிறு எட்டாவது படிக்கும் மகள் ஹெட்போனைக் கொண்டுவந்து என் காதில் மாட்டினாள். கிணற்றுக்குள் இறங்கி யாரோ புல்லாங்குழல் ஊதுவது போல ஒரு குரல். கொஞ்சம் ஊதிவிட்டு நிறுத்துகிறது, பதிலுக்குக் காத்திருப்பது போல. "கவாய் ஓஓ. ஹவாய்ப் பறவை, அழிஞ்சு போச்சுப்பா. இது எந்தக் குடும்பம்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேராகப் போய் உறையை உருவினேன். பச்சை மையில் என் கையெழுத்து: 'மெலிஃபாகிடே, ஆஸ்திரேலியத் தேனுண்ணிகள்'. அவள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லையே, மோஹோய்டேன்னு போட்டிருக்கு" என்றாள்.

எது சரி? அதே வளைந்த அலகு, அதே தூரிகை நாக்கு என்று அட்டையில் நானே எழுதி வைத்திருக்கிறேன். பிறகு எப்படி வேறு குடும்பம் ஆகும்? இன்னொன்று, அதே உறையில் இஇவி, அபபனே என்று ஹவாயின் மற்றத் தேன்குடிப் பறவைகளும் கிடக்கின்றன. அவையும் போச்சா?

உழவாரன் பதில்:

சார், உங்கள் மகள் சொன்னதுதான் சரி. ஆனால் 1991-ல் நீங்கள் எழுதியதும் தப்பில்லை. அன்றைக்கு எல்லா நூலிலும் அப்படித்தான் இருந்தது.

என் புனைபெயரிலிருந்தே தொடங்குகிறேன். உழவாரனையும் தகைவிலானையும் பார்த்து நாம் எல்லோருமே ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறோம். இரண்டும் வாய் பிளந்து பறந்தபடியே பூச்சி பிடிக்கும், இரண்டுக்கும் அரிவாள் போன்ற சிறகு. ஆனால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செய்கிற தொழில் ஒன்று என்பதால் உடம்பும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. பூவுக்குள் அலகை விட்டுத் தேன் எடுப்பதும் அப்படிப்பட்ட தொழில்தான். அலகையும் நாக்கையும் வைத்துக் குடும்பம் பிரித்தால் மாட்டிக்கொள்வோம்.

ஓஓ விஷயத்தில் எல்லோரும் மாட்டியதற்கு இன்னொரு காரணம், வரைபடம். தேனுண்ணிகள் ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் நிறைய, அங்கிருந்து தீவு தீவாக சமோவா வரை உண்டு. அப்படியே இன்னும் கொஞ்சம் வடக்கே தாவி ஹவாய்க்குப் போயிருக்கும் என்று நினைப்பது இயல்புதானே.

2008-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளெய்ஷர், ஹெலன் ஜேம்ஸ், ஓல்சன் மூவரும், 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்துப் பாடம் செய்து வைத்த பறவைத் தோல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியப் பக்கம் சொந்தமே இல்லை. நெருங்கிய உறவு யாரென்றால் வேக்ஸ்விங், அமெரிக்காவின் பட்டு ஈப்பிடிப்பான்கள், கரீபியனில் ஹிஸ்பானியோலா தீவின் பாம்சாட். முக்கியமாகப் பழமும் பூச்சியும் தின்னும் கூட்டம்! அவற்றிடமிருந்து பிரிந்து 1.4 முதல் 1.7 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் மோஹோய்டே என்று தனிக் குடும்பம். ஹவாயின் பெரிய தீவுகளில் மூத்ததான கவாய்க்கே வயது சுமார் 50 லட்சம் ஆண்டுதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு காலமாக ஹவாயிலேயே இருந்திருந்தால், இன்று கடலுக்குள் அமிழ்ந்துவிட்ட பழைய தீவுகளில்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

உறையில் போட வேண்டியவை ஐந்து: ஓவாஹு, மொலோகாய், ஹவாய், கவாய் என நான்கு ஓஓக்கள், அப்புறம் கியோயா. நான்கும் மோஹோ பேரினம். கியோயா மட்டும் கேட்டோப்டிலா. உடம்பெல்லாம் பழுப்புக் கோடு போட்ட பெரிய பறவை, 1859 வாக்கில் கடைசி. ஐந்தில் ஒன்றுகூட இன்று இல்லை. உங்கள் மகள் கேட்டது கடைசியாகப் போனது. அலாகாய் சதுப்புக் காட்டில் 1987-ல் அதன் குரலைக் கேட்டதோடு சரி. 2023-ல் அமெரிக்க அரசு அழிந்ததாக அறிவித்தது. அதன் அறிவியல் பெயரில் வரும் 'பிராக்காட்டஸ்' என்றால் கால்சட்டை போட்டது என்று பொருள். தொடையில் மட்டும் மஞ்சள் இறகு.

இஇவி, அபபனே இரண்டையும் அந்த உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை ஃபிஞ்ச் குடும்பம், குளிர்காலத்தில் நீலகிரிக்கு வருகிற ரோஸ்ஃபிஞ்சுக்குத் தாயாதி. நம்ப முடியாது, தெரியும். விதை கொறிக்கும் குருவியின் வம்சம் ஹவாய்க்குப் போய், ஒரு கிளை கிளி போலவும் ஒரு கிளை தேன்சிட்டு போலவும் அலகு வளர்த்துக்கொண்டது. இஇவியும் அபபனேயும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் கொசு கொண்டுவந்த மலேரியா இஇவியை மலை மேலே மேலே துரத்திக்கொண்டே போகிறது.

கச்சுப்பயணி பதில்:

உழவாரன் அண்ணன் ஒரு சொந்தக்காரரை விட்டுவிட்டார். ஹைப்போகோலியஸ்! அதுவும் இதே கூட்டம்தான். குளிர்காலத்தில் குஜராத்தின் கச்சுக்கு வரும்.

அதைப் பார்க்க ரயிலேறிப் போனேன். விடிகாலை, பல் கிட்டும் குளிர். வண்டிக்காரர் உகா மரப் புதர் ஒன்றின் அருகே நிறுத்தி, பேசாதே என்று கைகாட்டினார். சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, நீளமான வால். உகாப் பழத்தை முழுசாக விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அழிந்துபோன ஹவாய்க் குடும்பத்துக்கு இந்தியாவில் பார்க்கக்கூடிய உறவு இதுதான் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் அரை மணி நேரம் நின்றிருப்பேன்.

செம்போத்து பதில்:

வகைப்பாடு எல்லாம் சரி. 'ஹவாய்த் தேன்சிட்டு' என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள். தேன்சிட்டு என்றால் நம் வேலியில் செம்பருத்தியைக் குடைகிற ஊதாத் தேன்சிட்டின் குடும்பம், அதற்கே உரிய பெயர். ஹம்மிங் பறவையையும் தேன்சிட்டு என்று போட்டு ஏற்கெனவே போதுமான குழப்பம். ஓஓ என்பது அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர், தமிழ் வாயில் அழகாகவே உட்காருகிறது. உள்ளூர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: ஹவாய் மொழியில் கியோயா என்றால் ஓர் உள்ளான் வகைக் கரைப்பறவைக்கும் அதே பெயர். அட்டையில் அறிவியல் பெயரும் இருக்கட்டும்.

இன்னொன்று. மெலிஃபாகிடே உறையில் நியூசிலாந்தின் ஹிஹி இருக்கிறதா பாருங்கள். அதுவும் தேனுண்ணி என்றே நெடுங்காலம் இருந்தது. 2007 வாக்கில் மரபணு பார்த்து அதையும் வெளியேற்றிவிட்டார்கள். நோட்டியோமிஸ்டிடே, அந்தக் குடும்பத்தில் அது ஒன்றே ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹௌடுரு என்ற ஒரே தீவில்தான் மிஞ்சியிருந்தது. அங்கிருந்து பிடித்து வேறு இடங்களில் விட்டுப் பெருக்குகிறார்கள். அதே நாட்டின் டூயி அசல் தேனுண்ணிதான், அதை எடுத்துவிடாதீர்கள்.

அட்டைப்பெட்டி பதில்:

எல்லோருக்கும் நன்றி. ஹிஹி இருந்தது. பச்சை மையில், டூயிக்கு அடுத்த அட்டையாக!

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். இஇவியும் அபபனேயும் ஃபிஞ்ச் உறைக்குப் போயின. அது ஏற்கெனவே புடைத்துக்கொண்டு நின்றது, ரப்பர் பேண்டு போட்டேன். ஹைப்போகோலியஸுக்கு என்னிடம் அட்டையே இல்லை, அவள் எழுதுகிறேன் என்றாள். ஐந்து மோஹோய்டே அட்டைகளிலும் பழைய குடும்பப் பெயரை அடிக்க மனம் வரவில்லை, ஒரு கோடு மட்டும் இழுத்துக் கீழே புதுப் பெயரை எழுதினேன். கவாய் ஓஓ அட்டையின் மூலையில் 'இல்லை' என்று எழுதட்டுமா என்று கேட்டாள். 'கடைசிக் குரல் 1987' என்று எழுதச் சொன்னேன்.

பழுப்பு உறை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை ஹிஹிக்குக் கொடுத்துவிட்டோம். ஓஓக்களுக்கு, அலமாரியில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகை உறை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது.