பிஎம்ஐ 39, சர்க்கரை 9 வருடம்: ஸ்லீவா, பைபாஸா, ஊசியா?

திருமங்கலத்தான்:
சித்திக்காகக் கேட்கிறேன். வயது 43, உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ. சர்க்கரை வந்து 9 வருடம், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 9.4. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ராத்திரி இன்சுலின். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டாப்பிரசோல். மதுரையில் பார்த்த டாக்டர் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். வீட்டில் பாதிப் பேர் சரி, பாதிப் பேர் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்வாசி:
வேண்டாம் தம்பி. ஸ்லீவ்ல இரைப்பையில கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வெட்டி வெளிய எடுத்துருவாங்க. மிஞ்சுறது வாழைக்காய் மாதிரி ஒரு குழாய், 100–150 மில்லி பிடிக்கும். வெட்டுனது வெட்டுனதுதான், திரும்ப ஒட்ட முடியாது. 2025-ல எடை குறைக்குற ஊசி மௌன்ஜாரோ (டிர்செபடைட்), வெகோவி (செமாக்ளுடைட்) ரெண்டும் நம்ம நாட்டுக்கு வந்தாச்சு. டிர்செபடைட் 15 மில்லிகிராம் அளவுல 72 வாரத்துல சராசரி 21 சதவீத எடை குறையுது. ஊசிய நிறுத்தலாம், கத்திய நிறுத்த முடியுமா?

வைகைக்கரை:
அண்ணே, அந்த 21 சதவீதம் சர்க்கரை இல்லாதவர்களிடம் எடுத்த கணக்கு. சர்க்கரை உள்ளவர்களிடம் அதே மருந்து, அதே அளவு, 72 வாரம்: சுமார் 15 சதவீதம்தான். "நிறுத்தலாம்" என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். செமாக்ளுடைட் நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டது. ஆபரேஷனில் மொத்த எடையில் 25–30 சதவீதம் குறையும்.

பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) கணக்கு: 98-ஐ 1.58-ஆல் இரண்டு முறை வகுத்தால் 39.3. ஆசியர்களுக்குச் சர்க்கரை இருந்தால் 32.5-லிருந்தே ஆபரேஷனை யோசிக்கலாம் என்பது இங்கே பல வருடமாக உள்ள வழிகாட்டுதல். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு அதை 27.5 வரை இறக்கிவிட்டது. ஆகவே தகுதியில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் ஸ்லீவில்தான். குழாய் ஒடுக்கமானது, உள்ளே அழுத்தம் அதிகம். ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தால் அமிலம் மேலே ஏறி இன்னும் மோசமாகும். முதலில் எண்டோஸ்கோபி செய்து உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறதா, ஹையாட்டஸ் ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுப் பக்கம் ஏறுவது) இருக்கிறதா, ஹெச் பைலோரி (இரைப்பையில் புண் உண்டாக்கும் கிருமி) இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்லீவ் என்று ஒருவர் முடிவு சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். இந்த ஜாதகத்துக்கு ரூ-என்-ஒய் பைபாஸ்தான் பொருத்தம்: இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள்.

மேலூர்வாசி:
பைபாஸ் போட்டா சர்க்கரை போயிரும்னு ஆசை காட்டாதீங்க. க்ளீவ்லேண்ட் ஸ்டாம்பீட் ஆய்வோட 5 வருட முடிவு 2017-ல வந்துச்சு. ஹெச்பிஏ1சி 6-க்குள்ள வந்தவங்க பைபாஸ்ல 29 சதவீதம், ஸ்லீவ்ல 23. மிச்சப் பேருக்கு அது நடக்கலை. 9 வருடம் ஆகி இன்சுலினும் போடுறவங்களுக்கு வாய்ப்பு இன்னும் கம்மி.

வைகைக்கரை:
அதே ஆய்வில் மருந்து மட்டும் எடுத்தவர்கள் 5 சதவீதம். அதை விட்டுவிட்டீர்களே!

கோரிப்பாளையம்:
நடுவில் ஒரு காசு விஷயம். இன்சூரன்ஸ் விதி வேறு கணக்கு: பிஎம்ஐ 40, இல்லையென்றால் 35-உடன் கட்டுக்குள் வராத சர்க்கரை மாதிரி நோய். டாக்டர் சொல்லும் 32.5 அங்கே செல்லாது. சித்தி 39.3, தேறிவிடுவார். ஆனால் சாப்பாடு, மருந்து எல்லாம் முயன்று பலிக்கவில்லை என்று காட்டக் கேட்பார்கள். பழைய எடைச் சீட்டு, ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

தெப்பக்குளம்:
ரெண்டு பேரும் ஆபரேஷன் மேசையிலேயே நிற்கிறீர்கள். அடுப்படிக்கு வாருங்கள்.

முன்னால் 2 வாரம் மாவுச்சத்து குறைத்த, புரதம் கூடிய சாப்பாடு. கொழுப்பேறிய ஈரல் சுருங்கினால்தான் லேப்ராஸ்கோப்பியில் அதை ஒதுக்கி இரைப்பையைப் பார்க்க முடியும். பின்னால் முதல் 2 வாரம் திரவம் மட்டும். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடி இருக்கிறதே, அதில் 3 மூடி, கால் மணிக்கு ஒரு தடவை, உறிஞ்சி உறிஞ்சி. ஒரே மடக்கில் குடித்தால் நெஞ்சு அடைக்கும். அடுத்த 2 வாரம் கூழ் பதம், பிறகு குழைந்தது. கெட்டிச் சாப்பாடு வந்தபின் சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி தள்ளித்தான்.

புரதம் தினம் 60 கிராமாவது: 2 முட்டை 12, 100 கிராம் மீன் 20, ஒரு கரண்டி புரதப் பவுடர் 24, ஒரு கிண்ணம் தயிர் 4. இட்லி, சாம்பார் மட்டும் நம்பினால் எட்டாது. தட்டில் முதல் வாய் மீனோ முட்டையோ; சோறு கடைசி.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று. பரோட்டா ஸ்லீவில் உருண்டையாகி அடைக்கும், வாந்தி வரும், அதனால் தானாகவே விட்டுவிடுவார்கள். ஜிகர்தண்டா அடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஸ்லீவ் போட்டும் எடை ஏறியவர்களை விசாரித்தால் பல சமயம் டம்ளரில்தான் பதில் இருக்கும். பைபாஸ் என்றால் கால் மணி, அரை மணியில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. டம்பிங் என்பார்கள். சர்க்கரைப் பாகு நேராகச் சிறுகுடலில் விழுவதால் வருவது.

மேலூர்வாசி:
அக்கா சொன்னது நியாயம். என் பயம் ஆபரேஷனே இல்ல, அதுக்கப்புறம் ஊருக்குள்ள நடக்குறது. பைபாஸ் போட்டவங்க மூட்டுவலின்னு மெடிக்கல்ல கேட்டா டைக்ளோஃபெனாக்க நீட்டுவாங்க. பையும் சிறுகுடலும் சேர்ற எடத்துல அமிலத்தத் தாங்குற சக்தி கம்மி, அந்த மாத்திரை புண்ணாக்கி ஓட்டையே போட்டுரும். பாராசிட்டமால் மட்டும்தான். ரெண்டாவது, நாலு நாள் வாந்தின்னு போனா "அசதிக்கு" குளுக்கோஸ் பாட்டில் ஏத்துவாங்க. விடாம வாந்தி எடுத்தவங்க உடம்புல தயமின் (வைட்டமின் பி1) காலியாயிருக்கும். தயமின் போடாம குளுக்கோஸ் ஏத்தினா நடை தள்ளாடும், பார்வை ரெண்டாத் தெரியும், புத்தி தடுமாறும், சில பேருக்கு அது திரும்பவே திரும்பாது. பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும். இதெல்லாம் யார் பாப்பா?

வைகைக்கரை:
இது சரியான கேள்வி. இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே சர்க்கரை இறங்கும். பழையபடி கிளிமிபிரைடு போட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கிவிடுவார். வீட்டுக்கு அனுப்பும்போதே மாத்திரைச் சீட்டைப் புதிதாக எழுதி வாங்க வேண்டும். அடுத்தது, வெட்டித் தைத்த இடத்தில் கசிவு. முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு 120-க்கு மேல் நின்றாலோ, காய்ச்சல், இடது தோள் வலி வந்தாலோ, வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே கிளம்ப வேண்டும்.

இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போடக்கூடாது, 2 மணி நேர இடைவெளி. கால்சியம் சிட்ரேட்டாக, 500 மில்லிகிராம் வீதம் பிரித்து. ரத்தப் பரிசோதனை முதல் வருடம் 3, 6, 12 மாதத்தில், பிறகு வருடா வருடம்.

திருமங்கலத்தான்:
எண்டோஸ்கோபி இன்னும் எடுக்கவில்லை. இந்த வாரமே கேட்கிறோம். சித்திக்கு ஊசி என்றால் பயமில்லை, மாத்திரைதான் மறப்பார்.

மேலூர்வாசி:
மறக்குறவங்கன்னா பி12-ஐ மாசம் ஒரு ஊசியா, 1000 மைக்ரோகிராம், வச்சுக்கலாமான்னு கேளு, அது ஒண்ணாவது தப்பாது. மத்ததுக்கு வீட்டுல ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும், பேரைச் சொல்லி. ஆபரேஷன்னு முடிவாச்சுன்னா ஒரு அட்டையில எழுதி லேமினேட் பண்ணி, பர்ஸ்ல ஒண்ணு, சாமி படத்துக்குப் பின்னாடி ஒண்ணு: ஆபரேஷன் பேரு, தேதி, டாக்டர் நம்பர், "டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது", "குளுக்கோஸுக்கு முன் தயமின்". தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுது. ராத்திரி ரெண்டு மணிக்கு ட்யூட்டியில இருக்குறவருக்கு உங்க சித்தி யாருன்னு தெரியாது.