இந்தச் சி புத்தகத்தை மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

முதலாண்டு மாணவர்கள் 60 பேருக்கு சி மொழிப் புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆய்வகக் கணினிகளில் உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்), ஜிசிசி 13 (சி கம்பைலர்).

கையில் 3 நூல்கள். முதல் 5 அத்தியாய நிரல்களை அப்படியே தட்டச்சு செய்து, எல்லா எச்சரிக்கைகளும் காட்டும்படி கம்பைல் செய்து பார்த்தாயிற்று. இரண்டு நூல்களின் நிரல்கள், அவை கேட்கும் கோனியோ.எச் என்ற தலைப்புக் கோப்பு இங்கே இல்லாததால் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டன. டர்போ சி என்ற பழைய டாஸ் கம்பைலர் காலத்தவை. இன்ட் (முழு எண் வகை) 2 பைட் என்றே சொல்கின்றன; ஆய்வகத்தில் அது 4 பைட்.

மூன்றாவது ஓடுகிறது. பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) அத்தியாயம் பெட்டி பெட்டியாகப் படம் போட்டு அருமையாக இருக்கிறது. ஆனால் சி மொழியின் 2011 தரத்திலேயே நீக்கப்பட்ட கெட்ஸ்() வருகிறது; தட்டச்சு செய்யும் வரியை அளவு பார்க்காமல் வாங்கும் செயற்கூறு அது. 10 எழுத்து அரேயில் 15 எழுத்து அடித்தால் பக்கத்து நினைவகம் கெடும் என்று ஒரு வரி இல்லை. இதைவிடப் பெரிய தவறு, 'ஐ = ஐ++ + ++ஐ' கணக்குக்கு விடை அச்சிட்டிருப்பது; ஒரே கோவையில் ஐ என்ற மாறியைப் பலமுறை மாற்றுவதால், தரத்தின்படி அதற்கு விடையே கிடையாது.

திருத்தத் தாள் இணைத்து மூன்றாவதையே வைக்கலாமா, தள்ளிவிடுவதா?