பசங்க சைட்டுக்கு வர்றாங்க, வந்த வேகத்துல போயிடறாங்க – உதவி தேவை, அவசரம்

வெட்டிக்கிளி:
பசங்களை ஓடியாட வைக்கறதுக்குன்னு ஒரு சைட் பண்ணியிருக்கோம். தினசரி சவால், வீடியோ, பேட்ஜ் எல்லாம் இருக்கு. யாரும் தங்கல. கலரை மாத்தணுமா? மேலிடத்துல கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

நடைராஜா:
எந்த வயசு? மொபைலா, கம்ப்யூட்டரா? எந்தப் பக்கத்துல கழண்டுக்கறாங்க? இது தெரியாம கலரைப் பத்தி என்ன சொல்றது?

முதலிடம்:
லீடர்போர்டு வைங்க. போட்டின்னு வந்துட்டா தானா ஓடுவாங்க.

மெதுஓட்டம்:
அந்தப் பட்டியல்ல மேலே நிக்கப்போறது ஏற்கெனவே ஓடுற பசங்க. உங்களுக்கு வேண்டியது ஓடாதவன். கடைசி வரிசையில தன் பேரைப் பார்த்தா மறுபடி எட்டிப் பார்ப்பானா? போன வாரம் அவனே செஞ்சதோட ஒப்பிட்டுக் காட்டுங்க, போதும்.

பழம்பெருச்சாளி:
இதெல்லாம் இங்க பேசித் தீர்த்த விஷயம். தேடிப் பார்க்கற பழக்கமே ஒழிஞ்சு போச்சு. 5 பேரை உட்கார வெச்சு சைட்டைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தா பெரும்பாலான கோளாறு தெரிஞ்சுடும்னு சைட் வடிவமைப்பு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000லயே எழுதிட்டார். ஒரு பையனையாவது பார்த்தீங்களா, இல்ல மீட்டிங்லயே முடிவு பண்ணிட்டீங்களா?

நடைராஜா:
தொனியை விடுங்க, விஷயம் சரி. ஆனா அந்த 5 பேர் கணக்கு ஒரே மாதிரி ஆட்களுக்கு. சின்னப் பசங்களைத் தனியா, பெரிய பசங்களைத் தனியா பாருங்க. "இன்னிக்குச் சவாலைத் தொடங்கு"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதுதான் கஷ்டம். முடிஞ்சா கொஞ்சம் ஓட விட்டுட்டுக் கையில போனைக் கொடுங்க. மூச்சு வாங்கறப்போ, வியர்த்த விரலுக்கு அந்தப் பொடிப் பட்டன் சிக்குதான்னு தெரியும். எல்லாரும் சைட்டைப் பயன்படுத்தறதுக்கான WCAG 2.2 விதிமுறை பட்டனுக்குக் கேக்கற 24 பிக்சல் அளவுகூட அங்க பத்தாது.

வெட்டிக்கிளி:
12–16. மொபைல். பதிவுப் படிவத்துலதான் போறாங்க. பேரு, பிறந்த தேதி, ஈமெயில், உயரம், எடை, அவ்வளவுதான் கேக்கறோம்.

மெதுஓட்டம்:
அவ்வளவுதானா! தோழி தோள் மேல எட்டிப் பார்க்கறப்போ 14 வயசுப் பொண்ணு எடையை டைப் பண்ணுமா? அதை வெச்சு சைட் என்ன செய்யுது? ஒண்ணும் செய்யலன்னா தூக்குங்க. 12 வயசு விவரம் வாங்கினா அமெரிக்கச் சட்டப்படி பெற்றோர் சம்மதம் வேற வேணும், 13க்குக் கீழ. ஐரோப்பாவுல அந்த வரம்பு நாட்டைப் பொறுத்து 13லேர்ந்து 16 வரை.

முதலிடம்:
அப்போ இலக்கு? தினமும் 60 நிமிஷம், 10,000 காலடி. நம்பர் இல்லாம எவன் நகருவான்?

பழம்பெருச்சாளி:
10,000ங்கறது 1960கள்ல ஜப்பான்ல காலடி எண்ணும் கருவி விக்க வெச்ச பேரு. ஆராய்ச்சியில வந்ததில்ல.

முதலிடம்:
யார் வெச்சா என்ன, வேலை செய்யுதில்ல?

நடைராஜா:
60ம் கட்டாயமா தினமும்னு இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல, 5–17 வயசுக்கு வாரம் முழுக்க சராசரியா நாளுக்கு 60ன்னு மாத்திடுச்சு. ஒரு நாள் விட்டா "தொடர் அறுந்தது"ன்னு சிவப்புல காட்டற சைட்டெல்லாம் சும்மா பயமுறுத்துது.

முதலிடம்:
தொடர் இருந்தாத்தான் ஒழுக்கம் வரும்.

பழம்பெருச்சாளி:
தலைப்புக்கு வாங்க.

வெட்டிக்கிளி:
எடை, உயரம், பிறந்த தேதி எல்லாம் எடுத்தாச்சு. பதிவு பண்ணாமலே முதல் சவாலைச் செய்யலாம்னு வெச்சோம். உள்ளே போறாங்க. நன்றி.

நடைராஜா:
அடுத்த வாரமும் திரும்ப வர்றாங்களா?

முதலிடம்:
லீடர்போர்டு வெச்சீங்களா?