விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் போட்டு, திரை கருப்பாகி நின்றபோது: எல்லையோர ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பள்ளி திறக்கும் சமயத்தில் எனக்கு வரும் போனில் பாதி இப்படித்தான் இருக்கும்: "மாஷே, பையனுக்குக் கோயமுத்தூர்ல லேப்டாப் எடுத்தாச்சுங்க. ஸ்கூல்ல இருக்கிற லினக்ஸ் இதுலயும் வேணும். ஆனா விண்டோஸ் போயிடக் கூடாதுங்க."

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். 'மாஷ்' என்றால் வாத்தியார். கேரளப் பள்ளிகளில் ஐடி பாடம் குனு/லினக்ஸில்தான் நடக்கிறது. 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம், 2017 முதல் 'கைட்' என்ற நிறுவனமாக இயங்குகிறது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்கள் தயாரித்துத் தரும் லினக்ஸ்தான் பள்ளி லேபில் இருக்கும். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பத்தாம் வகுப்பு ஐடி பிராக்டிகல் அதில்தான். வீட்டில் பழகாத பிள்ளை பரீட்சையன்று மௌஸைப் பிடித்துக்கொண்டு முழிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே லேப்டாப்பில் அப்பா ஜிஎஸ்டி பில் போட வேண்டும், அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆக, இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தாக வேண்டும்.

சிக்கல் வருவது கிராபிக்ஸில். பென் டிரைவிலிருந்து பூட் ஆகும், மெனு வரும், 'இன்ஸ்டால்' கொடுத்ததும் திரை கருப்பு. இல்லாவிட்டால் இன்ஸ்டால் நல்லபடியாக முடிந்து, முதல் ரீஸ்டார்ட்டில் கருப்பு. வீட்டில் உடனே "லினக்ஸ் போட்டு லேப்டாப் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைக்கு எடுத்துப் போனால், மொத்த டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்து விண்டோஸை மட்டும் போட்டுத் தருகிற கடைகளும் இருக்கின்றன. கல்யாணப் போட்டோ, பில் கணக்கு எல்லாம் அதோடு போகிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்: கருப்புத் திரை வந்தால் தயவுசெய்து ஃபார்மட் பண்ணாதீர்கள். உள்ளே சிஸ்டம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. படம் காட்டும் டிரைவர் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல நேரம் வெறும் எழுத்துத் திரை வந்து லாகின் கேட்கும். அங்கே நுழைந்துவிட்டால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இது ஏன் நடக்கிறது? கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் படம் காட்டுவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள். கெர்னல் ஏறியதும் அந்த வேலையைத் தன் கிராபிக்ஸ் டிரைவரிடம் கொடுக்கும். என்விடியா கார்டு இருந்தால் முதலில் வந்து நிற்பது நூவோ என்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவர். கார்டின் உள்விவரங்கள் கையில் இல்லாமல், அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துப் பார்த்து ஆர்வலர்கள் எழுதியது. பழைய கார்டுகளில் அருமையாக ஓடும். புதிய கார்டு என்றால் கைமாறும் அந்த நொடியில் சில நேரம் திரை போய்விடும்.

அந்தக் கைமாற்றத்தையே தள்ளிப்போடச் சொல்லும் கட்டளைதான் நோமோட்செட். எந்த சிஸ்டம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவில் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரி ஒன்று இருக்கும். அதில் 'குவயட் ஸ்பிளாஷ்' என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, நோமோட்செட் என்று இடைவெளியில்லாமல் எல்லாம் சிறிய எழுத்தில் அடித்து, எஃப்10 கொடுங்கள். படம் வந்துவிடும். எழுத்தெல்லாம் பெரிதாக, பிரைட்னஸ் கூட்டக் குறைக்க முடியாமல், இழுத்து இழுத்துத்தான் ஓடும். பரவாயில்லை, உள்ளே போக வழி கிடைத்ததல்லவா. போனதும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, பக்கத்தில் 'ரெக்கமண்டட்' என்று காட்டும் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். படம் வந்துவிட்டதே என்று நோமோட்செட்டைக் கிரப் ஃபைலிலேயே நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். யூடியூபிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர்கூட ஏறாது.

நோமோட்செட் இல்லாமலேயே டிரைவர் ஏறாமல் போவதும் உண்டு. போன வருஷம் ஒரு கேஸ். வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். இன்டெல் கோர் அல்ட்ரா போட்ட புத்தம் புது லேப்டாப், என்விடியா கிடையாது, கருப்புத் திரையும் கிடையாது. ஆனால் படம் வரையும் இங்க்ஸ்கேப்பில் ஒரு வட்டத்தை இழுத்தால் அரை நொடி கழித்துத்தான் நகர்கிறது, ஃபேன் இரைச்சல் பக்கத்து அறைக்குக் கேட்கிறது. 'செட்டிங்ஸ்' உள்ளே 'அபௌட்' திறந்து, கிராபிக்ஸ் என்ற வரியைப் பார்த்தேன். இன்டெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அந்தப் பெயரைக் கண்டால் புரிந்துகொள்ளுங்கள்: கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, அதன் வேலையையும் பிராசஸரே இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருக்கிறது. காரணம், அதில் இருந்தது உபுண்டு 22.04-இன் தொடக்கக் கெர்னலான 5.15. அந்தச் சிப்புக்கு முழு ஆதரவு வந்தது கெர்னல் 6.7-இல். புது ஹார்டுவேருக்காகப் புதுக் கெர்னல் தரும் எச்டபிள்யூஇ என்ற வழியில் 22.04-க்கே 6.8 கெர்னல் கிடைக்கிறது. அதையும், அதோடு வரும் புதிய மெசா என்ற கிராபிக்ஸ் பேக்கேஜ்களையும் போட்டதும் வட்டம் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. அந்தப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து பாடப்புத்தகத்தில் இருந்த படத்தை வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தது.

உங்கள் ஊரில் எப்படி? கார்டு பெயரையும் போட்டு எழுதுங்கள்.

நகரியிலிருந்து:

வணக்கம் சார். நீங்கள் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர், எங்களுடையது ஆந்திரச் சித்தூர். ஆனால் பிரச்சினை ஒன்றுதான்.

என் சித்தி மகள் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி, தினமும் தமிழ்நாட்டுப் பக்கம் காலேஜுக்குப் போய் வருகிறாள். மெஷின் லேர்னிங் பாடத்துக்கு, என்விடியா கார்டில் கணக்கு போட வைக்கும் 'கூடா' என்ற மென்பொருள் வேண்டும், அதற்கு என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது 'தேர்ட் பார்ட்டி டிரைவர்' என்ற கட்டத்தை டிக் செய்தாள். அங்கீகாரக் கையெழுத்து உள்ளதை மட்டுமே ஏற விடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்ததால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தாள். எதற்கு என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை ஒன்று வந்து, 'ஏதாவது ஒரு பட்டனை அழுத்து' என்று ஆங்கிலத்தில் கேட்டு 10 நொடி எண்ணியது. எண்ணி முடித்துப் போய்விட்டது.

அதன்பிறகு லினக்ஸ் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எச்டிஎம்ஐ-யில் மானிட்டர் சொருகினால் 'நோ சிக்னல்'. என்விடியா-எஸ்எம்ஐ என்று டெர்மினலில் அடித்தால், டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியல் போடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'கே' சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். இன்டெல்லுக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இருக்கிறது, என்விடியாவுக்குக் கீழே அந்த வரியே இல்லை. அதாவது டிரைவர் டிஸ்க்கில் இருக்கிறது, ஏற விடவில்லை. அங்கீகரித்த கையெழுத்து இல்லாத மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டை, செக்யூர் பூட் உள்ளே விடாது. அந்தக் கையெழுத்தைப் போடும் நம் லேப்டாப்பின் சொந்தச் சாவிதான் 'மோக்'. அந்த நீலத்திரையில்தான் 'என்ரோல் மோக்' கொடுத்து, வைத்த பாஸ்வேர்டை அடித்து, இந்தச் சாவி என்னுடையதுதான் என்று நாம் உறுதி சொல்ல வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர், செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிவிடு என்றார். ஆஃப் செய்ததும் விண்டோஸ் பக்கம், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்டது. சித்தி அழவே ஆரம்பித்துவிட்டார். இந்த இடத்தில் பதறி எதையும் அழிக்காதீர்கள். திரும்ப பயாஸுக்குள் (ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்குள்) போய்ச் செக்யூர் பூட்டை ஆன் செய்தேன், விண்டோஸ் எதுவும் கேட்காமல் திறந்தது. முதல் வேலையாக அவள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்த அந்தச் சாவியைத் தேடி எடுத்து நோட்டில் எழுதி வைத்தோம்.

பிறகு லினக்ஸில் சுடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) 'அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி' கட்டளையை 'என்ரோல்-கீ' சேர்த்து ஓட்டினேன். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ரீஸ்டார்ட், நீலத்திரை. இந்த முறை அவளே பட்டனை அழுத்தி 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'எஸ்', பாஸ்வேர்டு என்று வரிசையாகப் போனாள். எச்டிஎம்ஐ-யில் படம் வந்துவிட்டது. நிறைய லேப்டாப்களில் அந்த எச்டிஎம்ஐ வாய் என்விடியா கார்டோடுதான் இணைந்திருக்கிறது. அதனால்தான் உள்திரை நன்றாக இருந்தும் வெளித்திரை வராமல் இருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை ஆஃப் செய்து வையுங்கள். இல்லாவிட்டால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். டி டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும்.

செங்கோட்டையிலிருந்து:

என்னிடம் இருப்பது ஏஎம்டி. ஆரியங்காவு தாண்டித் தென்மலையில் கடை வைத்திருக்கும் மச்சான் வாங்கிக் கொடுத்தது. அதற்கென்று தனியாக எந்த டிரைவர் போட வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன். எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்று ஒரு பழைய குறிப்பு கிடைத்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணாச்சி, அந்தக் குறிப்பைத் தொடவே தொடாதீர்கள். எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்ற பழைய ஏஎம்டி டிரைவரை உபுண்டு 16.04-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போதைய ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-இல் வந்த கெர்னல் 4.2 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அப்டேட் மட்டும் கொடுங்கள், போதும்.

மூணாறிலிருந்து:

எங்கள் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) புது லேப்டாப் அபூர்வம். அண்ணன் வேலை பார்த்த இடத்திலிருந்து வந்தது, எர்ணாகுளத்தில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது, இப்படித்தான் பிள்ளைகள் கைக்கு வருகிறது. அதனால் எங்கள் பிரச்சினை நேர் எதிர். கார்டு ரொம்பப் பழசு.

பக்கத்து லயத்துப் பையனுடையது ஜீஃபோர்ஸ் 500 வரிசை. யாரோ இணையத்திலிருந்து 'ரன்' ஃபைல் என்ற தனி இன்ஸ்டாலரை இறக்கி டிரைவரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடியது. ஒரு கெர்னல் அப்டேட் வந்தது, அன்றிலிருந்து பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு மின்னு மின்னிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கும். பையன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தான். அந்த வரிசைக்கு 390-ஆம் டிரைவரோடு கதை முடிந்தது, அதற்கான ஆதரவும் 2022 முடிவில் நின்றுவிட்டது. புதுக் கெர்னலோடு அது சேராது.

கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன், உள்ளே போய்விட்டது. பிறகு அந்த டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு நூவோவுக்கே திரும்பினேன். பள்ளிப் பாடத்துக்கு அது தாராளம். மாஷ் சொன்னதுபோல் பழைய கார்டுக்கு நூவோதான் சரி. கேம் ஆட முடியாது, ஆடவும் வேண்டாம்.

நெட் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே மழைக்காலத்தில் பிராட்பேண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சில லேப்டாப்பில் வைஃபை டிரைவரும் தனியாகப் போட்டால்தான் வரும். போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்கள். எந்த டிரைவரும் கேட்காமல் லினக்ஸ் அதைக் கம்பி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். என்விடியா பேக்கேஜ் பல நூறு எம்பி வரும், டேட்டா பார்த்து இறக்குங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மூணாறு நண்பர் சொன்ன டெதரிங் யோசனை என் வேலையில் எத்தனையோ முறை கை கொடுத்திருக்கிறது. 'ரன்' ஃபைல் வேண்டாம் என்று அவர் அனுபவம் காட்டுவதுதான் என் கருத்தும். உபுண்டு தரும் பேக்கேஜாகப் போட்டால், கெர்னல் மாறும்போது டிரைவரும் கூடவே மாறும்.

நகரித் தம்பி, சித்தி மகளிடம் இதையும் சொல்லுங்கள். 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாகப் போனால் உபுண்டுவே கையெழுத்திட்டுத் தரும் என்விடியா மாட்யூல் கிடைக்கும் வசதி இருக்கிறது. அது கிடைத்துவிட்டால் நீலத்திரையே வராது, செக்யூர் பூட்டையும் தொட வேண்டாம். உங்கள் ஊரில் இனி யாருக்குப் போட்டாலும் முதலில் பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பென் டிரைவைச் சொருகுங்கள்.

இனி எழுதுகிறவர்கள் 'எல்எஸ்பிசிஐ' காட்டும் கிராபிக்ஸ் வரிகளையும், கெர்னல் எண்ணையும், செக்யூர் பூட் ஆனா ஆஃபா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் போடுகிறேன்.